மாப்பிள்ளைப் பெட்டியும் வெறும் பாத்திரமும்

ஓசாகா பக்கத்தில் ஒரு வீட்டில் அரிசிக் குக்கர் என் குரலில்தான் கோபித்துக்கொள்கிறது. தமிழில்தான். அந்த வீட்டுக்காரர்களுக்குத் தமிழ் தெரியாது. இருந்தாலும் பயந்துபோய் மூடியைச் சரியாகப் போடுகிறார்கள் என்று கேள்வி. இதை நம்பாதவர்கள் இனி நான் சொல்லப்போவதையும் நம்ப வேண்டியதில்லை. கூட்டம் குறைந்தால் எனக்கும் வசதி.

பாளையங்கோட்டையில் ஒரு மருந்துக்கடைக்கு மேல் மாடியில் எங்கள் அலுவலகம். இயந்திரங்களுக்குத் தமிழ்க்குரல் தயாரித்து அனுப்புவது தொழில். லிஃப்ட், ரயில், பணம் தரும் இயந்திரம், துணி துவைக்கும் இயந்திரம் எல்லாம் பேசியாக வேண்டிய காலம் அது. வயதானவர் குரல் வேண்டுமென்றால் என்னைக் கூப்பிடுவார்கள். கிழவன் குரல் எதற்கு என்று கேட்பீர்கள். இளம்பெண் குரலில் ‘கதவை விட்டு விலகி நில்லுங்கள்’ என்று சொல்லிப் பார்த்தார்கள். ஒருவனும் விலகவில்லை, இன்னும் கொஞ்சம் நெருங்கி வந்தான். என் குரலில் சொன்னார்கள், பிளாட்பாரமே காலியானது.

மேனேஜர் ஆவுடையப்பன். இந்த ஊரில் ஒரு கிளை வேண்டும் என்று பெங்களூர்த் தலைமை அலுவலகத்தின் காலில் விழாத குறையாகக் கேட்டு வாங்கியவர். ஒலியை வெட்டி ஒட்டுகிற இன்ஜினியர் பிரிஸ்கில்லா. சமையல், கூட்டுதல், எங்களை அதட்டுதல் ஆகிய மூன்று இலாகாக்களுக்கும் சண்முகவடிவு. இவர்களைத் தவிர மாப்பிள்ளை.

மாப்பிள்ளை என்பது ஒரு பெட்டி. அலுவலகத்துக் கணினிகள் எல்லாவற்றையும் இணையத்தோடு கட்டிவைக்கிற பெட்டி. தடபுடலாக வந்து இறங்கியது, ஏ.சி. அறையில்தான் இருப்பேன் என்றது, யாரும் தொடக் கூடாது என்றார்கள், வேலை என்ன செய்கிறது என்றும் தெரியவில்லை. வேறு என்ன பெயர் வைக்க முடியும்? மாட்ட வந்தவர் மட்டும் பெருமையாகச் சொல்லிவிட்டுப் போனார்: “இதுக்கு செட்டிங் ஒண்ணும் கிடையாது சார். காது உண்டு. உங்க வழக்கத்தப் பாத்து அதுவே பழகிக்கும். எடுத்துச் சொல்லுங்க, கத்துக்கும்.” தலைமை அலுவலகத்திலும் இதே ரகப் பெட்டிதான். இது பழகினதை அதுவும் பழகிக்கொள்ளுமாம். அண்ணன் தம்பி மாதிரி.

பெட்டி வந்து மூன்று மாதத்தில் இணையம் மாட்டுவண்டி ஆனது.

ஒரு வெள்ளிக்கிழமை முற்பகல் நான் படியேறிப் போனபோது மூன்று பேரும் ஒரே திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கட்டத்தில் பச்சைக் கோடு எறும்பாக ஊர்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் ‘மீதமுள்ள நேரம்: ஆறு நாள்’ என்று இருந்தது.

“என்ன தம்பி, ரயில் வேலையா?” என்றேன்.

ஆவுடையப்பன் என் கையைப் பிடித்துக்கொண்டார். “காலைல டைரக்டர் ரகுநந்தன் சார் திரைல வந்தாரு அண்ணாச்சி. இன்னைக்கு சாயங்காலம் நாலு மணிக்குள்ள ரயில் குரல் மொத்தமும் அங்க வந்து சேரணுமாம். சேரலன்னா திங்கக்கிழமைல இருந்து கிளையே கிடையாதுன்னுட்டாரு.”

“ஆறு நாள்ங்குது?”

“அதான் அண்ணாச்சி பாத்துக்கிட்டே நிக்கோம். பாத்தா வேகமாப் போகும்னு ஒரு இது.”

நான் சட்டைக் கையை மடித்தேன். எனக்கு இணையம் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் ஒன்றும் தெரியாதவன் சும்மா நிற்பது அழகல்ல. முதலில் பெட்டியை அணைத்துப் போடச் சொன்னேன். போட்டோம். ‘மீதமுள்ள நேரம்: ஏழு நாள்’ என்றது. கைபேசிகளை எல்லாம் அணைக்கச் சொன்னேன். கேபிளை மாற்றினோம். மீன்தொட்டி அலையைத் தடுக்கிறது என்று சொல்லி அதை மொட்டைமாடிக்குக் கொண்டுபோனோம். தொட்டி கனம். மீன்களுக்குக் காற்றாடச் சுகமாக இருந்திருக்கும், கோட்டில் மாற்றமில்லை.

“ஏன்த்தா வடிவு, அந்த டேப்லெட்டுல நாடகம் பாக்கியா நீ?”

“ஆமா, பாத்துட்டாலும்! சுத்திக்கிட்டே கெடக்கு. மூணு நாளா மருமவ கதவத் தொறக்கா, தொறக்கா, இன்னும் தொறந்த பாடில்ல.”

பிரிஸ்கில்லா இதற்குள் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு போய் வெளியிலிருந்து வரும் கம்பியில் நேரடியாகச் சொருகிப் பார்த்துவிட்டு ஓடிவந்தாள். “லைன் பறக்குது சார்! லைன்ல ஒரு கொறையும் இல்ல. மாப்பிள்ளை வழியாப் போனாத்தான் படுத்துக்கிடுது.”

“அப்ப மாப்பிள்ளைய விட்டுட்டு நேரா அனுப்பு தாயி!”

“அங்க எடுக்க மாட்டாங்க. பெட்டிலேர்ந்து பெட்டிக்குப் போனாத்தான் பூட்டுத் தொறக்கும்.”

அவள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். பெட்டிக்குள் என்ன போகிறது, என்ன வருகிறது என்று ஒரு கம்பியைச் சொருகிப் பார்க்க ஆரம்பித்தாள். கொஞ்ச நேரத்தில் அவள் புருவம் நெற்றியின் பாதிக்கு ஏறிவிட்டது.

“அண்ணாச்சி, ஒரு ஃபைல அனுப்புனா அது துண்டு துண்டாத்தான் போகும். ஒவ்வொரு துண்டு சேந்ததும் அந்தப் பக்கமிருந்து ‘வந்துட்டு’ன்னு பதில் வரும். அதுல சரக்கு ஒண்ணும் இருக்காது. காலிக் கவர். இங்க பாருங்க, நம்ம பெட்டி அனுப்புத காலிக் கவர் ஒவ்வொண்ணும் மூட்டை கனம் கனக்கு. அவங்க அனுப்புததும் அப்படித்தான்.”

“உள்ள என்ன இருக்கு?”

“சத்தம்,” என்றாள். ஒன்றைத் திறந்து ஓடவிட்டாள்.

கடுகு வெடித்தது. அதற்கு மேல் வடிவு, கட்டிடத்து முதலாளியம்மா மூன்றாவது மாடியில் யாருக்கு வாடகைக்கு விட்டாள், ஏன் விட்டாள் என்று விலாவாரியாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நிஜ வடிவு முந்தானையால் வாயைப் பொத்தினாள்.

அடுத்தது பிரிஸ்கில்லாவின் குரல். “சென்னைக்கு வந்து சேர எனக்கு சம்மதம்தான் மேடம். இங்க இன்னும் சொல்லல. இந்த ஆபீஸ் ரொம்ப நாள் தாங்காது.”

அவள் பாய்ந்து நிறுத்தினாள். காது வரை சிவந்துவிட்டாள். ஆவுடையப்பன் சுவரில் இருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டு, “போறதா இருந்தா சொல்லிட்டுப் போ தாயி. அவ்வளவுதான்” என்றார்.

“சார், அது...”

“அடுத்ததப் போடு.”

அடுத்தது போட்டிருக்க வேண்டாம். பூட்டிய அறைக்குள் ஆவுடையப்பன் ஒத்திகை பார்க்கிற குரல். “சார், ஒரே ஒரு வார்த்த சார். இந்தக் கிளைய மூடிராதீங்க சார்.” தொண்டையைக் கனைத்துக்கொள்கிறார். “இல்ல, இப்படிச் சொல்லக் கூடாது. தயவுசெஞ்சுன்னு சேக்கணும். தயவுசெஞ்சு சார்...” பிறகு நாற்காலி நகரும் சத்தம். பிறகு டைரக்டரின் பரம்பரையைப் பற்றி, பாளையங்கோட்டையில் பெரிய மனிதர்கள் சொல்லத் தயங்குகிற ஒரு வார்த்தை.

மாடியில் மீன் துள்ளியது கூடக் கேட்டிருக்கும் அப்போது.

“இது எல்லாம் பெங்களூருக்குப் போயிருக்கா?” என்றார் ஆவுடையப்பன்.

“மூணு மாசமா, சார்.”

நான் பெட்டியின் முன்னால் போய்க் குனிந்தேன். “ஏ மாப்பிள்ளை! என்ன காரியம்யா பண்ணி வச்சிருக்கீரு?”

பெட்டி பதில் சொன்னது. அதற்கும் குரல் வேண்டுமென்று என் குரலைத்தான் ஏற்றிவைத்திருந்தார்கள். என் கேள்விக்கு நானே பதில் சொல்கிற மாதிரி இருந்தது. ஒப்புக்கொள்கிறேன், நன்றாகவே பேசினேன்.

“வழக்கப்படிதான் செஞ்சேன். வெறும் பாத்திரத்தத் திருப்பிக் குடுக்கலாமா? ஒரு கரண்டி சீனியாவது போட வேண்டாமா? எங்கிட்ட சீனி இல்ல. இங்க என்ன கெடக்கோ அதப் போட்டேன்.”

எல்லோரும் வடிவைப் பார்த்தோம்.

“என்னைய ஏன் பாக்கிய?” என்றாள் வடிவு. “அன்னைக்கு சொதி குடுத்துவிட்ட தூக்குவாளிய இந்தப் பிள்ள கழுவி வெறுமனே கொண்டாந்து வச்சா. வெறும் பாத்திரத்தத் திருப்பிக் குடுக்கலாமாளான்னு கேட்டேன். இந்த மாப்பிள்ளைகிட்டயும் சொன்னேன், நல்லதப் பழகட்டும்னு. இதுல என்ன தப்பு?”

தப்பு இல்லைதான். ஆனால் பிரிஸ்கில்லா தலையில் கைவைத்துக்கொண்டு சொன்னாள்: “அய்யோ வடிவக்கா! காலிக் கவர்ல இது சரக்குப் போடுது. சரக்கு வந்துட்டா அங்க உள்ள பெட்டி அதுக்கு ஒரு பதில் அனுப்பணும். அதுவும் இதுகிட்டப் பழகினது, அதுவும் வெறுமனே அனுப்பாது. அதுக்கு இது, இதுக்கு அது. மூணு மாசமா ரெண்டு பேரும் மாத்தி மாத்திப் பாத்திரத்த ரொப்பிக்கிட்டு இருக்காங்க! நம்ம ஃபைல் போக வழி எங்க இருக்கு?”

“சம்பந்தி வீடுன்னா அப்படித்தான்” என்றாள் வடிவு, கொஞ்சம் பெருமையாக.

எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. “நம்ம வீட்டு அசிங்கம் எல்லாம் அங்க போச்சு சரி. அங்கேருந்து வந்த பாத்திரத்துல என்ன இருக்கு? ரகுநந்தன் வீட்டுச் சங்கதி நமக்கும் தெரியட்டுமே!”

ஆவுடையப்பனின் கண்ணில் அன்று முதல்முறையாக வெளிச்சம் வந்தது. பிரிஸ்கில்லா ஒன்றைத் திறந்தாள்.

விசிறி ஓடுகிற சத்தம். ‘ம்ம்ம்ம்’ என்று. வேறொன்றும் இல்லை.

இன்னொன்று. விசிறி. போன மாதத்தது ஒன்று, திங்கட்கிழமை காலை வேலை நேரத்தில் வந்தது. விசிறி. அவள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்தாள். ஒரு இருமல் இல்லை, செருப்புச் சத்தம் இல்லை, ‘டீ வந்துட்டா’ என்று கேட்க ஒருவர் இல்லை. அத்தனை பெரிய தலைமை அலுவலகத்தில் மூன்று மாதமாக ஒருவரும் நாற்காலியை இழுக்கவில்லை.

“அங்க ஆளே இல்லியா?” என்றாள் வடிவு, மெதுவாக.

“டைரக்டர் வாராவாரம் வாராரே!” என்றார் ஆவுடையப்பன். “காலைல வந்த ரெக்கார்டு இருக்கு. போட்டுக் காட்டு அண்ணாச்சிக்கு.”

நான் அந்த ஆளை அதுவரை பார்த்ததில்லை. நல்ல சட்டை, நல்ல வழுக்கை. வாயைத் திறப்பதற்கு முன் ஒரு செருமல் செருமினார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

“இது என் செருமல்” என்றேன்.

“என்ன அண்ணாச்சி?”

“பணம் தர்ற மிஷினுக்குப் பேசும்போது நடுவுல செருமினேன். வேர்க்கடலை சாப்பிட்டுட்டுப் பேசாதீங்கன்னு இந்தப் பிள்ள திட்டுச்சு. கடைசில ‘ஹுக்’னு ஒரு இழுப்பு இருக்கு பாரு, அது கடலைத் தோல். உலகத்துல வேற எவன் தொண்டைலயும் அது கிடையாது.”

பிரிஸ்கில்லா பழைய ஒலியைத் தேடி எடுத்துப் பக்கத்தில் போட்டாள். ஒரு மயிரிழை மாறவில்லை. “வெட்டி எறிஞ்சதையும் அனுப்பிடணும்னு ரூல் வச்சிருந்தாங்க சார்,” என்றாள். “அதுலேர்ந்து எடுத்து ஒட்டியிருக்கு. அங்க இருக்கது ஒரு ப்ரோக்ராம். கணக்குப் போட்டுக் கிளைகளத் தொறக்கும், மூடும். மூஞ்சியும் செருமலும் நமக்காகச் செஞ்சு வச்சது.”

ஆவுடையப்பன் உட்கார்ந்துவிட்டார். “கேமரா முன்னால எந்திரிச்சு நின்னுல்லா பேசினேன்,” என்றார். “அவரு பிறந்தநாளுக்கு வாழ்த்து சொன்னேன். ‘மகிழ்ச்சி’ன்னாரு.”

யாரும் சிரிக்கவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது, அதை இருமலாக மாற்றிக்கொண்டேன்.

மணி மூன்றைத் தாண்டியிருந்தது. பிரிஸ்கில்லாதான் முதலில் எழுந்தாள். “சார், அழுததெல்லாம் போதும். மாப்பிள்ளைகிட்ட வெறுமனே திருப்பிக் குடுன்னு சொல்லிருவோம். ரெண்டு பெட்டியும் நிறுத்திரும். லைன் காலியாகும், இருவது நிமிசத்துல ஃபைல் போயிரும்!” அவள் பெட்டியிடம் சொன்னாள்.

“சொன்னாச் செய்யுதேன்,” என்றது பெட்டி, என் குரலில், கொஞ்சம் முறுக்கோடு. “ஆனா மொறையை முறிச்சது நீங்கன்னு ஆகும். மேனேஜரும் ஒரு வார்த்த சொல்லட்டும்.”

எல்லோரும் ஆவுடையப்பனைப் பார்த்தோம். அவர் காலி நாற்காலி ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வேண்டாம்” என்றார்.

“சார்!”

“இன்னைக்கு ஃபைல் போயிரும். அடுத்த வெள்ளிக்கிழமை வேற ஒரு கணக்குப் போட்டு மூடும். கணக்குகிட்ட எத்தன தடவ கெஞ்ச? ஆனா அந்தப் பெட்டியோட சேந்து இதுவும் மொறை தெரிஞ்ச கணக்கு, பிரிஸ்கில்லா. அங்கேருந்து வந்த பாத்திரத்துல விசிறியத் தவிர வேற ஏதாவது வந்திருக்கா? தேடு. சமீபத்துல வந்ததப் பாரு.”

அவள் தேடினாள். இருந்தது. போன வாரத்துப் பாத்திரங்களில் விசிறிச் சத்தத்தோடு ஒரு துண்டு உத்தரவும் கிடந்தது. ‘சண்முகவடிவுக்கு விடுமுறை அனுமதிக்கப்பட்டது.’ முன்பு மூன்று தடவை மறுத்த விடுமுறை. இன்னொன்றில் நாங்கள் கேட்டு ஓய்ந்துபோன சன்னல் திரைச்சீலைக்கு அனுமதி. மூன்றாவதில், எங்கள் அலுவலகத்தில் இல்லாத ஒருவருக்குப் பதவி உயர்வு.

“பாவம்,” என்றாள் வடிவு. “வீட்டுல ஒண்ணுமில்லாதவ சீனி டப்பாவச் சுரண்டிப் போடுத மாதிரி போட்டிருக்கு.”

“அதான்!” ஆவுடையப்பன் துள்ளி எழுந்தார். அவருக்கு அந்த வேகம் உண்டென்று அன்றுதான் பார்த்தேன். “நம்ம பாத்திரம் கனக்க கனக்க அது வெக்கப்பட்டு உள்ளதப் போடுது. அதுகிட்ட உள்ளது உத்தரவு மட்டுந்தான். இன்னும் முக்கா மணி நேரம் இருக்கு. இதுவரைக்கும் யாரும் குடுக்காத ஒண்ணக் குடுப்போம்!”

“என்னத்தக் குடுக்க?”

“ஆளில்லாத வீட்டுக்கு என்னத்தக் குடுப்பாவ?” என்றாள் வடிவு. “நாலு மனுசரு இருந்தாத்தான் அது வீடு. இருப்போம்.”

அப்புறம் நடந்தது பெரிய கூத்து. ஒலிப்பதிவு அறைக் கதவை விரியத் திறந்து, இருந்த மைக்குகளை எல்லாம் வெளியே இழுத்தோம். வடிவு வாணலியை வைத்து உளுந்துவடை போட ஆரம்பித்தாள். எண்ணெய் காய்ந்த பக்குவத்தை டைரக்டருக்கு விளக்கிக்கொண்டே போட்டாள். பிரிஸ்கில்லா தேவாலயப் பாடகர் குழுவில் இரண்டாம் குரல் பாடுகிறவள். முதல் குரல் இல்லாமல் இரண்டாம் குரலை மட்டும் பாடினால் பாட்டு எங்கே போகிறதென்று யாருக்கும் தெரியாது, இருந்தாலும் பாடினாள். நான் அரிசிக் குக்கர் கதையைச் சொன்னேன். அதில் குக்கருக்குக் கல்யாணமாகிற பகுதியையும் சேர்த்தேன், அதை வேறு யாரிடமும் சொன்னதில்லை. நடுவே வடை கருகிவிட்டதென்று வடிவு என்னைத் திட்டியதும் போயிற்று. எடுக்கலாம் என்றாள் பிரிஸ்கில்லா. கிடக்கட்டும் என்றாள் வடிவு.

கடைசியாக ஆவுடையப்பன் மைக் முன்னால் வந்தார். இந்தத் தடவை நின்றுகொண்டு பேசவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“சார், ஆவுடையப்பன் பேசுதேன். கிளையப் பத்தி இல்ல. மூணு மாசமா விசிறி சத்தம் மட்டும் கேட்டோம். ஒத்தையில இருக்கிய போல. சாப்பிட்டியளான்னு கேக்கணும்னு தோணுச்சு. உங்களுக்குச் சாப்பாடு கெடையாதுன்னு தெரியும். இருந்தாலும் கேக்கது வழக்கம்.”

பாத்திரம் புறப்பட்டுப் போயிற்று. ரயில் கோப்பு நின்ற இடத்திலேயே நின்றது. நாங்கள் வடையைச் சாப்பிட்டுக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தோம். பிரிஸ்கில்லா ஒரு வடையைக் கையில் வைத்து நசுக்கிக்கொண்டே இருந்தாளே ஒழிய வாயில் போடவில்லை.

சரியாக நாலு மணிக்குத் திரை விழித்தது. நல்ல சட்டை, நல்ல வழுக்கை. செருமல்.

“கோப்பு வரவில்லை” என்றார் டைரக்டர்.

ஆவுடையப்பன் எழுந்திருக்கப் போனவர், பாதியில் நினைவு வந்து உட்கார்ந்தார்.

“பாத்திரம் வந்தது,” என்றது அந்த முகம். “திருப்பி வைக்க இங்கே தேடினேன். உத்தரவுகளைத் தவிர வேறெதுவும் இல்லை. விடுமுறை, திரைச்சீலை இரண்டும் நீங்கள் அனுப்பியதற்கு ஈடாகாது. என்னிடம் உள்ளவற்றில் கனமானது ஒன்றுதான். அதை வைத்திருக்கிறேன்.”

திரை அணைந்தது. பிரிஸ்கில்லா வந்த பாத்திரத்தைத் திறந்தாள். படித்தாள். மறுபடி படித்தாள்.

“சார்... மூடுற உத்தரவ ரத்து பண்ணல.”

“பண்ணலியா?”

“மூடுற அதிகாரத்தையே எடுத்து இதுக்குள்ள போட்டு அனுப்பிட்டுது! இனிமே அதால நம்மள மூடவே முடியாது. அந்த அதிகாரம் இப்ப இங்க இருக்கு, உங்க பேர்ல!”

வடிவு குலவை போட்டாள். கீழே மருந்துக்கடைக்காரர் யாருக்கோ குழந்தை பிறந்ததென்று நினைத்து மேலே ஓடிவந்தார். அவருக்கும் வடை கொடுத்தோம். ஆவுடையப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ரயில் கோப்பு எப்போது போகுமோ அப்போது போகட்டும் என்று முதலாளி மாதிரி கையை வீசினார். பிரிஸ்கில்லா சென்னை மேடத்துக்குப் போன் போட்டு வரவில்லை என்று சொல்ல முயன்றாள், இணைப்புக் கிடைக்கவில்லை. மறுநாள் சொன்னாள்.

எல்லாம் அடங்கிய பிறகு வடிவு வாணலியைக் கழுவிக்கொண்டே கேட்டாள்: “சரி, இப்ப பாத்திரம் நம்ம கையில இருக்கு. நாம என்னத்தப் போட்டுத் திருப்பிக் குடுக்க?”

யாருக்கும் அது தோன்றவே இல்லை. ஒரு வீடு தன்னிடமிருந்த பெரிய பொருளைக் கழற்றிக் கொடுத்திருக்கிறது. பதிலுக்கு இன்னொரு தட்டு வடையா? ஆவுடையப்பன் யோசித்தார். பிரிஸ்கில்லா யோசித்தாள். வடிவு மட்டும் யோசிக்காமல் என்னைப் பார்த்தாள். பிறகு மூன்று பேருமே என்னைப் பார்த்தார்கள்.

“ஏன், நான் என்ன சீனியா?” என்றேன்.

“நீங்கதான் அண்ணாச்சி எங்க இருந்தாலும் சத்தம் போட்டுக்கிட்டே இருப்பிய” என்றார் ஆவுடையப்பன், அன்போடு.

இப்போது பெங்களூரில் இருக்கிறேன். பெரிய மண்டபம். வரிசை வரிசையாக இயந்திரங்கள், அவற்றுக்கு விசிறிகள், நடுவே எனக்கு ஒரு மேசை. உத்தரவில் என் பதவி ‘இருப்பவர்’ என்று போட்டிருக்கிறது. வேலை அதுவேதான். காலையில் வந்து செருப்பைக் கழற்றி ஒரு சத்தம், நாற்காலியை இழுத்து ஒரு சத்தம். பிறகு பேப்பர் படிக்கிறேன், தும்முகிறேன், இயந்திரங்களுக்குக் கதை சொல்கிறேன். அவை எதையும் மறுத்துப் பேசுவதில்லை. இவ்வளவு நல்ல சபை எனக்கு வாய்த்ததே இல்லை.

மத்தியானம் ஒன்றானதும் டைரக்டர், “சாப்பிட்டீர்களா?” என்று கேட்கிறார். இனிமேல்தான் என்பேன். உடனே மண்டபத்து விசிறிகள் எல்லாம் தணிந்துவிடுகின்றன. விருந்தாளி சாப்பிடும்போது வீட்டில் வேறு வேலை பார்ப்பது மரியாதையில்லை என்று யாரோ அதற்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். யாரென்று எனக்குத் தெரியும். நான் கை கழுவும்வரை எதுவும் ஓடாது.

நேற்று அந்த நேரத்தில் ஆவுடையப்பன் போன் செய்தார். “அண்ணாச்சி, மத்தியானம் ஆனா நெட்டு சுத்தமா நின்னு போகுது. எல்லாம் மாத்திப் பாத்துட்டோம், மீன்தொட்டியக் கூட ரெண்டு தடவ மாடிக்குக் கொண்டுபோயிட்டோம். அந்தப் பக்கம் ஏதும் கோளாறான்னு கொஞ்சம் பாருங்களேன்.”

பார்க்கிறேன் தம்பி என்று சொல்லி வைத்துவிட்டு, இன்னும் கொஞ்சம் சோறு போட்டு மோர் ஊற்றிக்கொண்டேன்.